தோரணைன்னா என்ன, எங்கருந்து வந்துச்சு? ஒரு சொல்லோட பூர்வீகத்த நாமளே தேடுறது எப்படி

"என்னய்யா தோரணையா பேசுற"ன்னு ஒருத்தர் கேட்டா அதுல ஒரு குத்தல் இருக்குன்னு தமிழ் தெரிஞ்ச எல்லாருக்கும் புரிஞ்சுரும், ஆனா தோரணைன்னா என்ன அர்த்தம்னு நிறுத்திக் கேட்டா உடனே பதில் வராது, "அது வந்து... ஒரு மாதிரி கெத்தா..."ன்னு கைய ஆட்டிக்கிட்டு நிப்போம். எங்கருந்து வந்த சொல்லுன்னு கேட்டா இன்னும் மோசம், பாதிப்பேரு வாசல்ல கட்டுற தோரணத்தோட கொண்டு போய் முடிச்சுப் போட்டுருவாங்க, தோரணம் கட்டுன வாசல் மாதிரி ஜம்முன்னு பேசுறதாம், அதனால தோரணையாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தப்பு. ஏன் தப்புன்னு கண்டுபிடிக்க பெரிய படிப்பெல்லாம் வேணாம், கொஞ்சம் பொறுமையும் நாலஞ்சு அகராதியும் போதும், அகராதி எல்லாம் நெட்லயே ஓசியில கெடக்கு. அந்த வழியத்தான் இங்க சொல்லப் போறேன், தோரணைய முன்னாடி வச்சுக்கிட்டு நடுநடுவுல தொனி, மழலை, தகராறு, குசும்புன்னு பேச்சு சம்பந்தப்பட்ட வேற சொல்லுங்களையும் இழுத்துப்போம்.

பேசுற விதத்தக் குறிக்கிற சொல்லு எல்லாமே கொஞ்சம் வழுக்கும். மரம், கல்லுன்னா விரல நீட்டிக் காட்டிறலாம். தோரணைய எங்க காட்டுறது? அதனால பூர்வீகத்துக்குப் போறதுக்கு முன்னாடி அர்த்தத்த ஒழுங்காப் பிடிச்சுக்கணும், இத விட்டுட்டு நேரா "மூலம் என்ன"ன்னு ஓடுறதுனாலதான் முக்கால்வாசி தப்பு வருது.

அர்த்தத்தப் பிடிக்கிறது

முதல்ல அகராதியத் தொறக்காதீங்க. ஒரு பேப்பர்ல அந்தச் சொல்லு வர்ற வாக்கியமா எழுதிட்டே போங்க, யோசிச்சு எழுதாம காதுல விழுந்தத எழுதுங்க. தோரணைக்கு எனக்குத் தோணுறது: அதிகாரத் தோரணை, மெரட்டுற தோரணை, பெரிய மனுசத் தோரணை, ஏதோ தனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு தோரணை, வாத்தியார் தோரணையில கேள்வி கேட்டாரு. இப்ப எதெல்லாம் வரலன்னு பாருங்க. "கெஞ்சுற தோரணை"ன்னு யாராவது சொல்லிக் கேட்ருக்கீங்களா? "அழுற தோரணை"? சொன்னா சொல்லலாம், ஆனா காதுல ஒட்டாது. அப்ப இந்தச் சொல்லு மேல இருந்து கீழ பேசுற பேச்சுக்குத்தான் பெரும்பாலும் வருது, இது அகராதியில இருக்காது, நம்ம லிஸ்ட்லதான் தெரியும்.

அடுத்தது மாத்திப் போட்டுப் பாக்குறது. தோரணை இருக்கிற எடத்துல தொனி, பாணி, நடைன்னு ஒவ்வொண்ணா வைங்க. "அவர் குரல்ல ஒரு கேலித் தொனி இருந்துச்சு"ங்கிறதுல தொனிய எடுத்துட்டு தோரணை வச்சா வாக்கியம் நொண்டுது. தொனி குரலோட நெறம், தோரணை அந்த ஆளு தன்ன யாருன்னு நெனச்சுக்கிட்டு நிக்கிறாருங்கிறது, அதனாலதான் வாயே தொறக்காம சேர்ல சாஞ்சு உக்காந்துருக்கிறவர்கிட்டயும் தோரணை இருக்குன்னு சொல்றோம், தொனி இருக்குன்னு சொல்ல முடியாது. பாணின்னா ஒரே ஆளு திரும்பத் திரும்பச் செய்ற விதம், அடுத்தவன் காப்பியடிக்கலாம். நடை எழுத்துக்குத்தான் அதிகம் வருது. இப்படி நாலையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்துனாத்தான் ஒவ்வொண்ணோட எல்லையும் தெரியும்.

வேற ஊர்க்காரங்ககிட்ட கேக்குறதா இருந்தா ஒரு விஷயம். "அண்ணே, இந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன"ன்னு கேட்டா எல்லாரும் அந்த நிமிஷமே பள்ளிக்கூடப் பையனா மாறி எங்கயோ படிச்சதச் சொல்லுவாங்க. "இத எப்பச் சொல்லுவீங்க, யாரப் பாத்துச் சொல்லுவீங்க, உங்கம்மாகிட்ட இப்படிச் சொல்லுவீங்களா"ன்னு கேளுங்க, கொட்டும். வட்டார வழக்குல இது ரொம்ப முக்கியம், ஒரே சொல்லு ஒரு ஊர்ல செல்லமாவும் இன்னொரு ஊர்ல வசவாவும் இருக்கும்.

அகராதியப் படிக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு

இப்ப அகராதி. இன்னைக்குள்ள அர்த்தத்துக்கு க்ரியாவோட தற்காலத் தமிழ் அகராதி (முதல் பதிப்பு 1992), எடுத்துக்காட்டு வாக்கியத்தோட குடுத்திருப்பாங்க. பூர்வீகத்துக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன், 1924ல இருந்து 1936 வரைக்கும் 6 தொகுதியா வந்து 1939ல அனுபந்தமும் வந்துச்சு, வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியரா இருந்த அதே அகராதிதான். சிகாகோ பல்கலைக்கழகத்தோட தெற்காசிய அகராதித் தளத்துல இது முழுசா தேடுற மாதிரி இருக்கு, பாப்ரீசியஸ், வின்ஸ்லோ (1862) அகராதிகளும் அங்கயே இருக்கு.

லெக்சிகன்ல பலபேர் அர்த்தத்த மட்டும் பாத்துட்டு மூடிருவாங்க, தலைச்சொல்லுக்குப் பக்கத்துல இருக்கிற குட்டிக் குறியீட்டுலதான் சமாசாரமே இருக்கு. இடது பக்கம் பாத்த அம்புக்குறி மாதிரி ஒண்ணு இருந்து அதுக்குப் பின்னாடி வேற மொழிச் சொல்லு இருந்தா, இந்தச் சொல்லு அந்த மொழியில இருந்து இங்க வந்துச்சுன்னு அர்த்தம். சதுர அடைப்புக்குள்ள தெலுங்கு, கன்னடம், மலையாளச் சொல்லுங்க வரிசையா இருந்தா அது வேற, அங்கயும் இதே சொல்லு இருக்கு, இவங்க எல்லாம் ஒரு வயித்துப் புள்ளைங்கன்னு சொல்றாங்க. கடன் வாங்குனதும் கூடப் பொறந்ததும் ஒண்ணு இல்லல்ல, இந்த ரெண்டையும் குழப்பிட்டுத்தான் "தமிழ்ச் சொல்ல கன்னடத்துக்காரன் திருடிட்டான்"னு சண்டையே நடக்குது. அப்புறம் சில சொல்லுக்கு யாழ்ப்பாணம், திருநெல்வேலி, நாஞ்சில்நாடுன்னு ஊர்க்குறிப்பு சுருக்கெழுத்துல போட்டுருப்பாங்க, அதையும் விட்றாதீங்க.

திராவிட வேர் இருக்கான்னு பாக்க பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, முதல்ல 1961ல வந்து, திருத்துன ரெண்டாம் பதிப்பு 1984ல வந்துச்சு. இதுவும் அந்த சிகாகோ தளத்துலயே இருக்கு. நீங்க தேடுற சொல்லு இதுல ஒரு நம்பருக்குக் கீழ தோடா, கோண்டி, குருக்னு காட்டு மொழி மலை மொழி வரைக்கும் சொந்தக்காரங்களோட நின்னுட்டிருந்தா சந்தேகத்துக்கு எடமே இல்ல. தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் வழியில வந்த சொற்பிறப்பியல் பேரகரமுதலி வேற முடிவு சொல்ற எடமும் நெறைய இருக்கு, ரெண்டையும் பாருங்க, ஆனா யாரு காரணம் சொல்றாங்க யாரு தீர்ப்பு மட்டும் சொல்றாங்கன்னு கவனிங்க.

தமிழ் எழுத்து ஒளிச்சு வைக்கிறத பக்கத்து வீட்டு எழுத்துல பாக்குறது

இதுதான் எனக்குப் பிடிச்ச எடம். தமிழ்ல த ஒண்ணுதான். சம்ஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி எல்லாத்துலயும் அதுக்கு நாலு எழுத்து, வரிசையா ta, tha, da, dha. வெளியில இருந்து வர்ற சொல்லு தமிழ் எழுத்துக்குள்ள நுழைஞ்சதும் அந்த நாலு வித்தியாசமும் அழிஞ்சு போயிடும், அதனால சம்பந்தமே இல்லாத ரெண்டு சொல்லு நம்ம கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரித் தெரியும்.

தோரணமும் தோரணையும் அப்படித்தான். தோரணத்த தெலுங்குல, கன்னடத்துல எழுதுனா முதல் த போடுவாங்க, சம்ஸ்கிருதத்துலயும் அதேதான், வளைவு வச்ச வாசல்னு அர்த்தம். தோரணைக்கு அங்க இருக்கிற சொல்லப் பாருங்க, தெலுங்குல தோரணி, கன்னடத்துல தோரணெ, மராத்தியில தோரண், மூணுக்கும் அழுத்திச் சொல்ற நாலாவது த. எழுத்தே வேற. சம்ஸ்கிருதத்துல தோரணீன்னு நாலாவது த போட்டு எழுதுனா அறுபடாத வரிசை, தொடர்ச்சின்னு அர்த்தம். ஆக வாசல் தோரணத்துக்கும் நம்ம தோரணைக்கும் தமிழ் எழுத்துதான் உறவு, வேற ஒண்ணும் இல்ல.

அர்த்தம் எப்படி நகந்துச்சுன்னு பாக்கவும் பக்கத்து மொழிங்கதான் உதவுது. அறுபடாத வரிசை, அதுல இருந்து அறுபடாம ஓடுற போக்கு, பேச்சோட போக்கு, பேசுற விதம். தெலுங்குல இன்னைக்கும் ஒருத்தர் பேசுற போக்கு, பொதுவான போக்குன்னுதான் வருது. கன்னடத்துல மனப்பான்மை, நிலைப்பாடு, செய்தித்தாள்ல அரசோட தோரணென்னு எழுதுவாங்க. மராத்தியில இன்னும் கெட்டியாகி கொள்கைன்னே ஆகிடுச்சு, கல்விக் கொள்கை தொழில் கொள்கை எல்லாம் அங்க தோரண்தான். தமிழ்ல மட்டும் அது ஆளோட ஒடம்புல ஏறி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குது. நாலு மொழியையும் சேத்து வச்சாத்தான் ஒரு கோடு தெரியுது, தமிழ மட்டும் பாத்திருந்தா வரிசைங்கிற அர்த்தத்துல இருந்து கெத்துக்கு எப்படி வந்துச்சுன்னு யாராலயும் சொல்லியிருக்க முடியாது.

சரி எந்த வாசல் வழியா வந்துச்சு? லெக்சிகன் மாதிரி அகராதிங்க மூலத்தச் சொல்லிட்டு விட்ருவாங்க, நடுவுல யாரு கைமாத்துனாங்கன்னு பல நேரம் சொல்றது இல்ல. இங்க சொல்லோட வாலப் பாக்கணும். சம்ஸ்கிருதத்துல ஈயில முடியுற சொல்லு தமிழுக்கு வந்தா பொதுவா இயில முடியும், நதி, தேவி, நாரி. நம்ம சொல்லு ஐயில முடியுது. கன்னடத்துல எகரத்துல முடியுறது தமிழ்ல ஐயாத்தான் இருக்கும், அங்க தலெ இங்க தலை, அங்க மனெ இங்க மனை, அங்க கதெ இங்க கதை. அப்ப தோரணெ – தோரணை ஜோடி கச்சிதமா உக்காருது. அதனால கன்னடப் பக்கத்து வாசல்தான் எனக்கு நியாயமாப் படுது, ஆனா இது வால் மட்டும் குடுக்கிற சாட்சி. தெலுங்கு பேசுற நாயக்கர் ஆட்சி, 1676ல இருந்து 1855 வரைக்கும் தஞ்சாவூர்ல மராத்தியர் ஆட்சின்னு அந்த ரெண்டு மொழியும்கூட நம்ம ஊர் அரண்மனையிலயும் கச்சேரியிலயும் (பாட்டுக் கச்சேரி இல்ல, அந்தக் காலத்து அரசாங்க ஆபீஸ்) புழங்குனதுதான், அதனால அந்த வாசலையும் சாத்திற முடியாது.

இதுக்கு அங்கங்க போய்த் தேட: தெலுங்குக்கு ஆந்திரபாரதி, கன்னடத்துக்கு அலர், மலையாளத்துக்கு ஓளம், மூணுமே நெட்ல இருக்கு. பழசு வேணும்னா தெலுங்குக்கு பிரௌன் (1852), மலையாளத்துக்கு குண்டர்ட் (1872), கன்னடத்துக்கு கிட்டல் (1894), மராத்திக்கு மோல்ஸ்வர்த். எழுத்து படிக்கத் தெரியலன்னா ஒண்ணும் பயப்பட வேணாம், எழுத்துப்பெயர்ப்புக் கருவியில போட்டா த-வுக்குப் பக்கத்துல எத்தனாவது எழுத்துன்னு காட்டிரும், இல்லாட்டி அந்த மொழி தெரிஞ்ச ஃப்ரெண்ட்கிட்ட வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க.

ஒரே மாதிரிக் கேக்குதுன்னு ஏமாறாம இருக்க

தொனிய எடுத்துக்குங்க. இங்கிலீஷ்ல டோன், தமிழ்ல தொனி, அர்த்தமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அப்ப டோன்தான் தொனி ஆச்சு இல்ல தொனிதான் டோன் ஆச்சுன்னு ரெண்டு கட்சி உண்டு. ரெண்டுமே இல்ல. டோன் கிரேக்கத்துல இழுத்துக் கட்டுறதுங்கிற அர்த்தத்துல இருந்து வந்தது, நரம்ப முறுக்கி இழுத்தா வர்ற சத்தம். தொனி சம்ஸ்கிருத த்வனி, ஒலிக்கிறதுங்கிற வேர். காஷ்மீர்ல 9ஆம் நூற்றாண்டுல ஆனந்தவர்த்தனர் கவிதையில சொல்லாம சொல்ற பொருளுக்கு இந்தச் சொல்லத்தான் வச்சு ஒரு கொள்கையே எழுப்புனாரு. எங்கயோ பொறந்த ரெண்டு பேரு ஒரே மாதிரி மூஞ்சியோட இருக்கிறது இல்லையா, அப்படித்தான்.

த்வனி எப்படி தொனி ஆகும், துவனின்னுதான ஆகணும்னு கேப்பீங்க. இங்கதான் விதி. ஒரு சொல்லுக்கு ஒரு மாத்தம் சொன்னா நம்பாதீங்க, அதே மாத்தம் வேற சொல்லுங்கள்லயும் நடந்துருக்கான்னு பாருங்க. ஸ்வர்க்கம் சொர்க்கம் ஆச்சு, ஸ்வப்னம் சொப்பனம் ஆச்சு, ஸ்வர்ணம் சொர்ணம், ஸ்வரூபம் சொரூபம். ஒத்தெழுத்துக்குப் பின்னாடி வர்ற வ-வும் அகரமும் சேந்து ஒகரமா உருளுது, ஒரு சொல்லுல இல்ல வரிசையா. அப்ப த்வனி தொனி ஆனதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. அங்க நாலு சொல்லு, இங்க ஒண்ணு, எல்லாம் ஒரே வழி. மாறா, யாராவது "இந்த எழுத்து அந்த எழுத்தா மாறிடுச்சு, நடுவுல ஒரு எழுத்து விழுந்துடுச்சு, முன்னாடி ஒண்ணு சேந்துக்கிச்சு"ன்னு அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் மூணு வித்தை காட்டுனா எழுந்து வந்துருங்க.

சொல்லோட முதல் எழுத்தும் ஒரு துப்பு. ட, ர, லவுல தமிழ்ச் சொல்லு தொடங்காதுன்னு தொல்காப்பியம் மொழிமரபுலயே கணக்கு இருக்கு. அதனால ரவுசு, லந்து, டம்பம்னு ஒண்ணு வந்தா வெளியில இருந்து வந்ததா இருக்கலாம், முன்னாடி ஏதாவது உதிந்ததா இருக்கலாம், இல்ல சத்தத்துல பொறந்ததா இருக்கலாம்னு முதல்லயே ஒரு கேள்விக்குறி போட்டுக்கலாம். லொள்ளு அப்படி ஒரு சொல்லு, நாய் லொள் லொள்ளுன்னு கொரைக்கிற சத்தம் அதுல அப்படியே கேக்குது. சத்தத்துல பொறந்த சொல்லுக்கு எழுத்து விதியெல்லாம் பொருந்தாது. கிசுகிசு, முணுமுணு, தொணதொண, வளவள எல்லாம் பேசுற விதத்தையே காதுல போடுற சொல்லுங்க, இதுக்கெல்லாம் போய் மூலமொழி தேடி மெனக்கெட வேணாம், சும்மா விட்ருங்க.

அதே நேரம் குறில் ஒகரம் எகரம் இருந்தா தமிழ்தான்னு அடிச்சுச் சொல்றவங்களும் உண்டு, சம்ஸ்கிருதத்துல குறில் எ, ஒ கெடையாதுங்கிறது உண்மைதான், ஆனா தொனியில இருக்கிறது குறில்தான, பாத்தீங்கல்ல.

சொந்தச் சொல்லா இருந்தா பாட்டுல தேடுங்க

மழலை. பேச்சு விதத்துக்கு இருக்கிற சொல்லுங்கள்லயே இதுக்குத்தான் பூர்வீகம் பளிச்சுன்னு இருக்கு. தொல்காப்பியம் உரியியல்ல "மழவும் குழவும் இளமைப் பொருள"ன்னு ஒரு வரி. மழன்னா இளசு. புறநானூத்துலயே மழகளிறு வருது, இளம் ஆம்பள யானை. குழவி, குழந்தைங்கிறதுல இருக்கிற குழவும் அதே வரியில பக்கத்துல நிக்குது. அப்ப மழலைன்னா இளசோட பேச்சு.

இத எப்படித் தேடுறதுன்னா, தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துலயும் மதுரைத் திட்டத்துலயும் பழைய நூலெல்லாம் தட்டச்சு பண்ணி வச்சிருக்காங்க, சொல்லப் போட்டா வரி வந்துரும். வந்த வரியோட நிக்காம மேல ரெண்டு வரி கீழ ரெண்டு வரி படிங்க. மழலைக்கு குறள் 66 எல்லாருக்கும் தெரியும், "குழல்இனிது யாழ்இனிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளா தவர்". அதுக்கு முன்னாடியே புறநானூறு 92ல அவ்வையார் அதியமான்கிட்ட, "யாழொடும் கொள்ளா பொழுதொடும் புணரா பொருள்அறி வாரா ஆயினும் தந்தையர்க்கு அருள்வந் தனவால் புதல்வர்தம் மழலை"ங்கிறாங்க, யாழோட சேராது, நேரத்துக்குப் பொருந்தாது, அர்த்தமும் புரியாது, ஆனாலும் அப்பனுக்கு உருகிப் போகுது, என் பேச்சும் உனக்கு அப்படித்தான்னு. ரெண்டுலயும் மழலைக்குப் பக்கத்துல யாழ் இருக்கு பாருங்க. ஒருத்தர் யாழோட ஒட்டாதுங்கிறாரு, இன்னொருத்தர் யாழே இதுக்குக் கீழதாங்கிறாரு. அர்த்தம் இல்லாம இசையா மட்டும் கேக்குற பேச்சுங்கிறது அந்தக் காலத்துலயே மழலையோட உள்ள இருந்துருக்கு, வெறும் "குழந்தைப் பேச்சு"ன்னு அகராதியில படிச்சா இது கிடைக்காது.

இன்னைக்கு மழலையர் பள்ளிங்கிறோம். பேச்சுக்கு இருந்த பேரு பேசுற ஆளுக்குப் போயிடுச்சு. சொல்லு நகர்ற வழியில இது ரொம்ப சாதாரணம், தேடும்போது இத மனசுல வச்சுக்குங்க, ஒரு சொல்லு இன்னைக்கு ஆளக் குறிச்சா நேத்து அவன் செஞ்சதக் குறிச்சிருக்கலாம்.

இன்னொரு பொறி, இன்னைக்கு அர்த்தத்த பழைய சொல்லுக்குள்ள திணிக்கிறது. கொடுந்தமிழ்னு கேட்டதும் கொடூரமான தமிழ்னு நெனைக்கிறாங்க, மட்டமா சொல்றாங்கன்னு கோவமும் வருது. கொடுன்னா முதல்ல வளைஞ்சதுன்னுதான் அர்த்தம், கொடுவாள்னா வளைஞ்ச வாள். செங்கோல் நேரான கோல், கொடுங்கோல் வளைஞ்ச கோல். அதே கணக்குல செந்தமிழ் நேரா நிமிந்தது, கொடுந்தமிழ் ஊருக்கு ஊரு வளைஞ்சு நெளிஞ்சு பேசுறது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டுல செந்தமிழுக்கு ஒண்ணு கொடுந்தமிழுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இலக்கணம் எழுதுனாரு, மட்டமானதுன்னு நெனச்சிருந்தா ஒரு மனுசன் உக்காந்து அதுக்கு இலக்கணம் எழுதுவானா. கொடுமைங்கிற அர்த்தமும் வளைவுல இருந்து வளந்ததுதான், ஆனா அதத் தூக்கி முன்னாடி வைக்கக்கூடாது.

கச்சேரியில இருந்து தெருவுக்கு வந்த சொல்லுங்க

பேச்சு, வம்பு, வழக்கு சம்பந்தமான சொல்லுன்னா உருதுப் பக்கம் ஒரு தடவ கண்டிப்பா எட்டிப் பாருங்க, நவாப் காலத்து நிர்வாகமும் கோர்ட்டும் நெறையக் கொண்டு வந்து கொட்டியிருக்கு. இதுக்கு பிளாட்ஸ் அகராதி (1884). தகராறு, அரபியில தக்ரார்னா திரும்பத் திரும்பச் சொல்றது. சொன்னதையே சொல்லிட்டிருந்தா என்ன ஆகும், சண்டைதான், உருதுலயே அது வாக்குவாதம் ஆகிடுச்சு, நமக்கு வந்தப்ப அடிதடி வரைக்கும் போயிடுச்சு. சவால் அங்க வெறும் கேள்வி, இங்க "முடிஞ்சா செஞ்சு காட்டு". ஜவாபு பதில்.

வாய்தா இதுல ஒரு நல்ல பாடம். வாய்னு தொடங்குதா, தான்னு முடியுதா, உடனே வாயால தர்ற வாக்குன்னு பிரிச்சுருவாங்க. வாதாங்கிற அரபிச் சொல்லுக்கு வாக்கு, கெடுன்னு அர்த்தம், அது உருது வழியா வந்து கோர்ட்ல வழக்கத் தள்ளி வைக்கிற தேதி ஆச்சு. வந்த வடிவம் தற்செயலா நம்ம வாய்ங்கிற சொல்லு மாதிரி இருக்கு, அதனாலதான் பிரிச்சா அர்த்தம் கிடைக்குது. ஒரு சொல்லப் பிரிச்சதும் ரெண்டு பக்கமும் அழகா அர்த்தம் குடுத்தா சந்தோசப்படாதீங்க, அப்பத்தான் சந்தேகப்படணும். "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா"ன்னு தொல்காப்பியத்துலயே இருக்கு, சொல்லுக்கு இந்த அர்த்தம் ஏன் வந்துச்சுங்கிற காரணம் பாத்த உடனே தெரியாதாம். குடும்ப வாட்சப் குரூப்ல காலங்காத்தால வர்ற "தமிழின் அதிசயம்" மெசேஜ் அனுப்புறவங்க இந்த வரிய மட்டும் தாண்டிப் போயிடுறாங்க.

ரெண்டு பேரு வந்து என்னுதுன்னா

குசும்பு குறும்புல இருந்து வந்துச்சுன்னு சொல்லுவாங்க, அர்த்தம் ஒட்டுது, சத்தமும் பக்கத்துல இருக்கு. மலையாளத்துல தேடிப் பாருங்க. குறும்பும் இருக்கு குசும்பும் இருக்கு, குறும்புன்னா சேட்டை, குசும்புன்னா பொறாமை. ரெண்டும் தனித்தனியா ரெண்டு அர்த்தத்தோட அங்க நிக்கும்போது ஒண்ணு தேஞ்சு இன்னொண்ணு ஆச்சுங்கிறது பலவீனமாயிடுது, ற தேஞ்சு ச ஆனதுக்கு வேற சொல்லும் யாரும் காட்டுறது இல்ல. பொறாமையில பேசுற குத்தல் பேச்சு இங்க வெளையாட்டுக் குத்தலா எளகியிருக்கலாம், இந்தப் பக்கம் எனக்கு சாய்வு அதிகம்.

நக்கல் இன்னும் சிக்கல். சிரிக்கிறதுக்கு நகுன்னு பழைய வினை, நகைச்சுவையில இருக்கிறது அதுதான், இறந்தகாலம் நக்கான், புகு – புக்கான் மாதிரி. அர்த்தப்படி நக்கலுக்கு இது அருமையா பொருந்துது. ஆனா இலக்கணப்படி நகுவுல இருந்து தொழிற்பெயர் பண்ணா நகல், நகுதல்னுதான் வரணும், குறள் 784லயே "நகுதற் பொருட்டன்று நட்டல்"னு இருக்கு. நக்கல்ங்கிற வடிவம் நாக்கால நக்குறதுல இருந்துதான் நேரா வரும். அர்த்தம் ஒரு பக்கம் இழுக்குது வடிவம் ஒரு பக்கம் இழுக்குது. இப்படி ஆச்சுன்னா ஒண்ணத் தேத்தி எழுதணும்னு கட்டாயம் இல்ல, ரெண்டையும் ரெண்டுக்கும் உள்ள தடையையும் எழுதி வச்சுட்டுப் போங்க, பின்னாடி ஒரு பழைய வரி கிடைச்சா தராசு தானா சாயும்.

எழுதி வைக்கிறது எப்படின்னா, எக்செல் கிக்செல் எதுவும் வேணாம், ஒரு சொல்லுக்கு ஒரு பத்தி. தோரணைக்கு என்னுது இப்படி இருக்கும்: "தோரணை. இன்னைக்கு: தன்ன மேல வச்சுப் பேசுற, நிக்கிற விதம், கெஞ்சலுக்கு வராது. உறவு: தெலுங்கு தோரணி பேச்சுப் போக்கு, கன்னடம் தோரணெ மனப்பான்மை, மராத்தி தோரண் கொள்கை, மூணும் நாலாவது த. மூலம்: சம்ஸ்கிருதம் தோரணீ, அறுபடாத வரிசை. வந்த வழி: கன்னடம்னு கணிப்பு, காரணம் ஐகார முடிவு. தோரணம்: சம்பந்தம் இல்ல, அது முதல் த." எது அகராதியில பாத்தது எது நம்ம கணிப்புன்னு பிரிச்சு எழுதிருங்க, ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தா ரெண்டும் ஒண்ணாக் கலந்து போய் நம்ம ஊகத்தையே ஆதாரம்னு நாமளே நம்பிருவோம். வாய்வழி கேட்டதா இருந்தா எந்த ஊரு, சொன்னவங்களுக்கு சுமாரா என்ன வயசு, யாரப் பாத்துச் சொன்னாங்கங்கிறதையும் போட்டுக்குங்க.